மிச்ச ரப்பர்

ஐயா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை ஸ்டாஃப் ரூம் மேசையில் இருந்தது. இரண்டாவது பீரியட் முடிந்து வந்தவள் நின்றுகொண்டே படித்தேன். அடுத்த வாரம் சனிக்கிழமை கல்யாணம். கோயம்புத்தூரில், பெண் வீட்டார் போகும் சர்ச்சில். பெண்ணின் பெயர் மெர்சி. கூட்டம் வேண்டாம், ஆடம்பரம் வேண்டாம். கடைசி வரி: அம்மா மட்டும் வந்தால் போதும்.

அந்த வரிக்குக் கீழே நீ கோடு போடவில்லை. போட்டிருந்தால் இன்னும் கோபம் மிச்சமிருக்கிறது என்று ஆறுதல்பட்டிருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று எழுதுவதுபோல எழுதியிருந்தாய். ஐந்து வருஷமாக நீ அப்பாவோடு பேசவில்லை. வீட்டுக்கு எழுதாமல் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறாய். அது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறாய். மாதத்துக்கு ஒருமுறை சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்பார். "பள்ளிக்கூடத்துக்குக் கடிதாசி வந்துதா?" வந்தது என்பேன். "நல்லா இருக்கானா?" இருக்கிறான் என்பேன். அதற்கு மேல் கேட்க மாட்டார்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அம்மா எழுதவேண்டிய கடிதத்தைத்தான் முதலில் ஆரம்பித்தேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். என்னிடம் அறிவுரை இல்லை. சொல்லாமல் வைத்திருந்த ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொல்ல டயரிலிருந்து தொடங்க வேண்டும்.

நீ பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். காயல்பட்டினத்து ஜமால் உன் வகுப்பு. அவன் வாப்பா சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய பைக். இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை மத்தியானம், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் நம் பேட்டைப் பட்டறைக்கு வந்தீர்கள். நான் அன்று அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தேன். வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படத்தை ஜமால் நீட்டினான். பின் சக்கரத்தில் வரி இல்லாத, பளபளப்பான, அகலமான டயர். அப்பா கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"ஏலே, மொட்டை டயரைக் கொண்டாந்து பட்டன் போடச் சொல்லுவாங்க. அதுலதான் எங்க பிழைப்பு ஓடுது. நீங்க மொட்டையாவே போடச் சொல்லுதீங்க."

"பந்தயத்துக்கு அதான் வேணும் மாமா. டிராக் ரேஸ். நேரே நானூறு மீட்டர் ஓடினாப் போதும். வளைவே கிடையாது."

"நானூறு மீட்டரா? இங்கன இருந்து ரயில்வே கேட்டு வரைக்குந்தான் வரும். அதுக்கு எதுக்குலே டயர். பைய நடந்தே போயிரலாம்லா."

ரப்பர் கலக்கும் மில்லை ஓட்டுகிறவர்கூடச் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாய். இரண்டு பைக் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு மாறியதும் கிளம்பும். முதல் நொடியில் பின் சக்கரம் தரையைப் பிடித்தால் ஜெயம். சுழன்றால் தோல்வி. பிடிக்க வேண்டுமானால் ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும். ஓட்டத்துக்கு முன்னால் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிப் புகை வரச் சூடாக்குவார்கள். அப்போது பசைபோல ஒட்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இரண்டு டயரின் விலைக்கு ஒரு பைக்கே வாங்கலாம். இங்கே யாரும் செய்வதில்லை. நாம் செய்தால் என்ன?

உன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு டயருக்கு ரப்பர் இரண்டரைக் கிலோ, குலசேகரத்து ஷீட். கரி, கந்தகம், எண்ணெய். நீராவி. கூலி. விலையோ இறக்குமதி விலையில் பாதி. எந்தப் பட்டறைக்காரனுக்கும் ஆசை வரும். அப்பாவுக்கு வந்தது. அவருக்கு ஆசை டயரில் இல்லை. நீ பட்டறைக்குள் வந்து ஒரு தாளில் ஏதோ எழுதியதில்தான் இருந்தது. டயர் வார்க்கும் அச்சு செய்யக் கோயம்புத்தூருக்கு அவரே போய்வந்தார். என் சம்பளத்தில் ஐந்து மாதம் அந்த அச்சுக்குள் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

காலண்டர் தாளில் இல்லாதது மில். கரும்புச் சாறு பிழிகிற மெஷினைப் படுக்க வைத்ததுபோல இரண்டு இரும்பு உருளைகள். பதினைந்து கிலோவுக்குக் குறைந்தால் ரப்பர் அவற்றைச் சுற்றிக்கொள்ளாது. துண்டு துண்டாகக் கீழே விழும், கலக்காது. உங்களுக்கு ஒரு பந்தயத்துக்கு வேண்டியது மூன்று டயர். ஏழரைக் கிலோ. மீதி ஏழரைக் கிலோவை வைத்து என்ன செய்வது? லாரிக்கு ஒட்டினால் வள்ளியூர் தாண்டுவதற்குள் தேய்ந்துவிடும். எடுத்து வைக்கவும் முடியாது. கந்தகம் சேர்ந்த ரப்பர் காத்திருக்காது. பேட்டை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, பத்து நாளில் தானாகவே வேகத் தொடங்கிவிடும். பிறகு அது கல். இதுபோக, லாரி ரப்பர் ஓடிய உருளையில் மென்மையான ரப்பரை ஓட்டுவதற்கு முன் அரை நாள் துடைக்க வேண்டும். அந்த அரை நாளில் இரண்டு லாரி டயர் போயிருக்கும். தூக்கிப் போடுகிற ரப்பரையும் துடைக்கிற நேரத்தையும் டயரின் விலையில் ஏற்றினால் இறக்குமதி விலைக்கே வந்து நிற்கும். ஏற்றாவிட்டால் ஒவ்வொரு டயரும் லாரி டயர் சம்பாதித்ததைத் தின்னும். நூறு டயர் ஒன்றாகப் போட்டால் சரியாகிவிடும். நூறு டயர் வாங்க ஆள் வேண்டும். இந்தியா முழுக்கத் தேடிப் பிடித்தாலும் அந்தப் பந்தயக்காரர்களை ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம், நிற்க இடமும் இருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. அப்பா டயரைத் தட்டிப் பார்த்து இரண்டே தீர்ப்புத்தான் சொல்வார். உழைக்கும். உழைக்காது. அவர் அப்படித்தான் வளர்ந்தார், ஊரும் அப்படித்தான் பேசுகிறது. செருப்பு உழைக்கும், குடை உழைக்கும், மனுஷனும் உழைப்பான். உழைக்காத சாமானை விற்கிறவனுக்கு வேறு பெயர். இந்த டயரோ உழைத்தால் கெட்ட டயர். எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் சாகும். முதல் மூன்று டயரும் பன்னிரண்டு ஓட்டத்தில் நூல் நூலாக உரிந்துவிட்டன. சென்னையில் நடந்த அந்தப் பந்தயத்தில் ஜமால் முதலாவது வந்தான். நீ சென்னையிலிருந்து வந்த வேகத்தில் பட்டறைக்குள் ஓடி அப்பாவைக் கட்டிப்பிடித்தாய். உன் வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி. அவர் உன்னை விட்டு, உரிந்த டயரைக் கையில் எடுத்து, வெட்கத்தோடு சொன்னார்: "ஒரு நாள்கூட உழைக்கலியேலே."

அதன் பிறகு பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கேட்டு வந்தார்கள். மூன்று டயர், இரண்டு டயர். வாங்கியவர்களே அடுத்த மாதம் எழுதினார்கள்: பிடி பிரமாதம், ஆனால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும்படி செய்யக் கூடாதா? பட்டறைக்குப் பின்னால் இறுகிப்போன ரப்பர்க் கட்டிகள் இடுப்பளவு உயர்ந்தன. மழை பெய்தால் அவற்றின் இடுக்கில் தண்ணீர் நின்று கொசு வந்தது. அப்பா அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். சோற்றுப் பருக்கை கீழே விழுந்தால் எடுத்து வாயில் போடுகிறவர்.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆற்றில் குளித்துவிட்டு வந்து அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். சொன்னது நான்.

"ஏங்க, இட்லிக்கும் தோசைக்கும் நான் தனித்தனியாவா அரைக்கேன்? ஒரே மாவுதானே. அதுமாதிரி கரியைக் கொஞ்சம் கூட்டி, எண்ணெயைக் கொஞ்சம் குறைச்சு, ஒரே கலவையாப் போட்டா என்ன? பந்தயத்துக்குப் போக மிச்சத்தை மாட்டுவண்டி டயருக்கு ஒட்டிரலாம்லா. அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"தரையைப் பிடிக்காதுட்டி."

"எந்தக் கணக்குல சொல்லுதீங்க?"

"கணக்கு இல்ல. கை சொல்லுது."

"ஏன், உங்க கை பரீட்சை எழுதிப் பாஸாயிருக்கா?"

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல வார்த்தை சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். அன்று மத்தியானமே காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். நூறு பங்கு ரப்பருக்குக் கரி இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு. வேதியியல் எம்.எஸ்சி. படித்தவள், பதினாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கந்தகம் எப்படி ரப்பரை இறுக்குகிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவள். தாளை அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி டீச்சரம்மா. நீ படிச்சவ" என்றார். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் நான் இன்னொரு முறை யோசித்திருப்பேன்.

அந்தக் கலவையில் வார்த்த டயர்தான் மார்கழிப் பந்தயத்துக்குப் போனது.

நான் அங்கே இல்லை. நீ சொன்னதுதான் எனக்குத் தெரியும். பழைய விமானத்தளம், காலை, தரையில் பனியின் ஈரம். ஜமால் சக்கரத்தைச் சுழற்றினான், புகை வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக. போதும் என்று நீ கையைக் காட்டினாய். வண்டி நேராகப் போகவில்லை. பின்பக்கம் ஒதுங்கி, திரும்பி, அவன் மேல் விழுந்து, அவனோடு சேர்ந்து இழுபட்டது. வலது கால். மூன்று மாதம் ஆஸ்பத்திரி. எழுந்து நடந்தபோது அது மற்றக் காலைவிடக் குட்டையாக இருந்தது. அவன் வாப்பா விசா எடுத்து வைத்திருந்தார். மெடிக்கல் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். அவன் தெருவில் அவன் வயசுப் பையன்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். அவன் கடைத்தெருவில் நோட்டும் பேனாவும் விற்கிறான்.

விபத்துக்கு நாலாம் நாள் நீ அந்த டயரைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தாய். நான் காப்பி டம்ளரோடு நின்றிருந்தேன். டயரைத் தரையில் போட்டு, நகத்தால் அழுத்தினாய்.

"நகமே பதியல. என்னத்தக் கலந்தீங்க?"

மில் ஓட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே போனார்.

"மாட்டுவண்டிக்கு ஒட்டுததுக்குக் கலந்ததைத்தானே எங்களுக்குத் தந்தீங்க? மிச்சம் பிடிச்சீங்க. அவன் காலை வச்சு மிச்சம் பிடிச்சிருக்கீங்க. இந்தப் புத்தி யாருக்கு வந்துது?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். ஒரேயொரு முறை. பிறகு உன்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமாலே. நான்தான். எனக்குத்தான் வந்துது."

நான் வாயைத் திறந்தேன். திறந்தது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எதுவும் வரவில்லை. நீ டயரை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனாய். அந்த வாரமே கோயம்புத்தூருக்கு. டம்ளரை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

அன்று சாயங்காலம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் சோடா உப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நம்ம ரெண்டு பேரையும் வெறுத்துட்டான்னா அவன் எங்கட்டி போவான்? திரும்பி வாரதுக்கு ஒரு ஆள் வேண்டாமா. நீ இரு."

நான் இருந்தேன். ஐந்து வருஷம். உன் கடிதங்களை வாங்கினேன். கிறிஸ்மஸுக்கு நீ அனுப்பிய சேலையைக் கட்டினேன். "அம்மாவுக்குத்தான் என்னைத் தெரியும்" என்று ஒருமுறை எழுதியிருந்தாய். அதை மூன்று முறை படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். அவர் ஒரு விலை கொடுத்து உனக்காக என்னை வாங்கி வைத்திருக்கிறார். நான் உண்மையைச் சொன்னால் அவர் கொடுத்தது வீண். சொல்லாவிட்டால் நீ உன் கல்யாணத்துக்கு வேறொருத்தியின் குற்றத்துக்காக உன் அப்பாவை வரவேண்டாம் என்கிறாய். இரண்டு பக்கமும் யோசித்துவிட்டேன். வழி இல்லை. ஜெபம் பண்ணியும் பார்த்தேன். அங்கேயும் என் குரல்தான் கேட்டது.

அது என் கலவையால்தான் நடந்ததா என்பதும் தெரியாது. தரை ஈரமாக இருந்தது. கிளட்ச் ஒரே பிடியாகப் பிடித்திருக்கலாம். ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு அந்த ஒன்றுதான் இருக்கிறது.

போன வருஷம் ஜமாலைப் பார்க்கப் போனேன். அவனிடமாவது சொல்லிவிடலாம் என்று. சொன்னேன். அவன் ஒரு பிள்ளைக்குப் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டே கேட்டான்.

"விடுங்க மாமி. நானும் அன்னைக்கு அவசரப்பட்டேன். மாமா ஏன் சொல்லல இதை?"

"எந்த மாமா?"

"உங்க வீட்டு மாமாதான். மாசம் ஒருக்கா வருவாவளே. அந்த ஸ்டூல்ல உக்காருவாவ. ஒண்ணும் பேச மாட்டாவ. போகும்போது ஒரு பேனா வாங்குவாவ. வேண்டாம் மாமா, வீட்டுல பேனா குவியலாக் கிடக்கும்லான்னு சிரிப்பேன். அப்பவும் வாங்கிட்டுத்தான் போவாவ."

வீட்டுக்கு வந்து அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். நாற்பது பேனாவாவது இருக்கும், ஒன்றைக்கூட மூடி திறக்காமல். கையெழுத்துப் போடுவதைத் தவிர எதுவும் எழுதாத மனுஷர். மூடிவிட்டேன். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்காமல் இருப்பதற்கு இரண்டு பேரும் நன்றாகப் பழகிவிட்டோம். அதைப் பொறுமை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெர்சி உன்னைவிட அதிகம் படித்தவள் என்று எழுதியிருக்கிறாய். பெருமையோடு எழுதியிருந்தாய், எனக்கும் சந்தோஷம். அவள் பல நேரம் சரியாகச் சொல்வாள். என்றைக்காவது உன் கை ஒன்று சொல்லி, அவள் அதைக் கேட்டுச் சிரித்தால், நீயும் சேர்ந்து சிரித்துவிடாதே. கொஞ்சம் நின்று, கை என்ன சொல்கிறது என்று அவளுக்கு விளக்கப் பார். விளக்க வராது. அப்பாவுக்கும் வரவில்லை. ஆனாலும் முயற்சி செய். அவள் ஒன்று தப்பாகச் செய்துவிட்டால் அதை நீ உன்மேல் ஏற்றுக்கொள்ளாதே. பார்ப்பதற்கு அன்பு மாதிரி இருக்கும். வாங்கிக்கொண்டவளால் அதற்குப் பிறகு நேராக நிற்க முடியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கல்யாணத்துக்கு ஒரு தாய் கொடுக்கக்கூடியது இதைவிடக் கூடுதலாக இருந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வழக்கம்போல அப்பா கேட்டார். "கடிதாசி வந்துதா?"

வந்தது என்றேன். கல்யாணம் என்றேன். அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எங்கே, எந்தப் பெண், எதையும் கேட்கவில்லை. நான் சொன்னேன்:

"ஒரு ஆள் வந்தாப் போதும்னு எழுதியிருக்கான். உங்களைத்தான் கூப்பிட்டிருக்கான். எனக்குப் பரீட்சை டூட்டி, லீவு தர மாட்டாங்க."

"என்னையா?"

"ஆமா."

"அப்பான்னு எழுதியிருக்கானா?"

"எழுதியிருக்கான்."

"எங்க, காட்டு."

"பள்ளிக்கூடத்துல வச்சிட்டு வந்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் ஒன்றாக இருந்தும் அந்த முகத்தில் எனக்குப் படிக்க வராத இடங்கள் இருக்கின்றன. பிறகு கொல்லைப்புறம் போய், மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, ஒவ்வொரு நகமாகத் துடைக்கத் தொடங்கினார். ரேகையில் ஏறிய கரி அப்படிப் போகாது. அவருக்கும் தெரியும். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது, ஒரே சீட்டு. இப்படி ஒரு கடிதம் உனக்கு வருகிறது என்று அவருக்குத் தெரியாது. இதைப் படித்தபிறகு இரண்டு பேரையுமே வேண்டாம் என்று நீ நினைக்கலாம். ஜமாலின் கால் அப்படி இருக்கும்வரை உனக்கு அந்த உரிமை இருக்கிறது. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எனக்கு இனி நீ எழுதாமலும் இருக்கலாம். ஸ்டாஃப் ரூம் மேசையைப் பார்க்காமல் நடந்து போகப் பழகிக்கொள்கிறேன். அவர் மட்டும் மனசுக்குள் கிளம்பிவிட்டார், ஐயா. அதை இனி என்னால் நிறுத்த முடியாது.

வெள்ளிக்கிழமை காலை அங்கே பஸ் ஸ்டாண்டில் இறங்குவார். கண்ணாடி போட மாட்டேன் என்கிறார். பத்தடிக்கு அப்பால் முகம் தெரியாது. கூட்டத்தில் நீ நின்றாலும் அவரால் உன்னைக் கண்டுபிடிக்க முடியாது. நீதான் கூப்பிட வேண்டும்.

அம்மா